இடப்பக்கம் சாயும் ஈயம்

கூரிச்சிபாவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில்
மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் அடில்சன்.
குளிர்பெட்டிக்குள் துவாலை, துவாலைக்குள் உறை,
உறைக்குள் ஒரு கேம் கார்ட்ரிட்ஜ்.
யாருக்கோ பொருத்தவேண்டிய சிறுநீரகம்போல
மேசையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

"அசல்தானே, டோனா ஜுரேமா?"

எல்லோரும் 'தானே' போட்டுத்தான் கேட்கிறார்கள்.
சந்தேகமில்லாதவன்
இந்த எல்லையூர்வரை ஏன் வரப்போகிறான்.

முதலில் தராசு. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.
ஒட்டுத்தாளில் சிவப்பு கசியவில்லை.
ஒரு மூலையில் மட்டும் எந்தப் பிள்ளையோ
நகத்தால் கிள்ளிப் பார்த்த தடம்.
மோந்தும் பார்ப்பேன், சிரிக்காதீர்கள்.
பிளாஸ்டிக் பொய் சொன்னால் மூக்குக்குத் தெரியும்.
இதில் சிகரெட், பூசணம், கொஞ்சம் பொரித்த எண்ணெய்.

வாங்க ஆள் காத்திருக்கிறதாம் சாவ் பாவ்லோவில்.
தொகையைச் சொன்னார்.
என் வீட்டுக் கூரையை மாற்றி
மிச்சத்தில் பல்லும் கட்டிக்கொள்ளலாம்.

திருகாணி இரண்டையும் கழற்றினேன். ஓடு பிரிந்தது.
உள்ளே கரும்பிசின் பொட்டு இல்லை;
அவருக்கு மூச்சு வந்தது.
சில்லின் முதுகில் 9317,
தொண்ணூற்று மூன்றாம் வருடம், பதினேழாம் வாரம்.
சரி. பலகையின் பச்சைகூடச் சரி.

பிறகுதான் பேட்டரியின் காலைப் பார்த்தேன்.
ஈயம் குமிழாக நிற்காமல்
இடப்பக்கம் சாய்ந்து
எலிவால்போல் ஓர் இழையை விட்டிருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பராகுவேயில்,
செருப்புக் கடைக்கு மேலே
ஜன்னலுக்கு ஆணியடித்த அறை.
ஆறு பெண்கள். எனக்குப் பதினேழு,
கேட்டால் பத்தொன்பது.
நாளுக்கு நூற்றைம்பது பலகை.
பச்சை விளக்கு எரிந்தால் பெட்டியில் போகும்,
எரியாவிட்டால் சம்பளத்தில் போகும்.
"ஏ இடக்கை, வாலை நறுக்கு!" என்று
எலிஹியோ தினமும் கத்துவான்.
நறுக்க நேரம் ஏது.

"போலி" என்றேன்.
எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்.
"கை அடையாளம் தெரிகிறது."
என் திறமையைச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டார்.

கட்டணம் தரவில்லை.
குப்பையில் போடுங்கள் என்றவர்
குளிர்பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போனார்.

இரவு பேட்டரியை அளந்தேன். உயிர் நூலில் தொங்குகிறது.
அது செத்தால் உள்ளே யாரோ சேமித்த ஆட்டமும் சாகும்.
மாற்றலாம்தான், வெளியிலிருந்து
மின்சாரம் ஊட்டிக்கொண்டே.
ஆனால் அந்த வாலை உருக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் என் கையில் திரும்பி வந்த
ஒரே ஒரு வால்.
படம் எடுத்தேன். மங்கலாக வந்தது. மறுபடி எடுத்தேன்.
அடுப்பில் காப்பி பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.
பிறகு சூட்டுக்கோலை வைத்தேன்.
ஒரு நொடி வெள்ளியாக மினுங்கி
அது இல்லாமல் போயிற்று.

புது ஈயம் வைத்தேன், முப்பது வருட நிதானத்தோடு.
அதுவும் அந்தப் பக்கமே சாய்கிறது, சனியன்.

டிவியில் செருகினேன்.
அந்த அறையில் டிவி கிடையாது;
ஆயிரக்கணக்கில் பற்றவைத்தும்
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை.

இசை வந்தது. மலை வந்தது.
சேமித்த ஆட்டம் ஒன்று: நந்தீனியோ.
மூன்று உயிர், ஒரு சாவி, ஆறாவது கோட்டை.
நகத்தால் கிள்ளியது நீதானா?

தொடர் என்று அழுத்தினேன்.
குட்டி மனிதன் ஒருவன் பாலத்தின் நடுவில்
என்னை எதிர்பார்த்து நிற்கிறான்.
எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதோ உருண்டு வருகிறது.

எந்தப் பொத்தானை அழுத்தினால் குதிப்பான் இவன்?